ஒரு சிப்பாய் கூடுதல், ஆனாலும் டிரா

சதுரங்கப் போட்டிக்குப் போய்விட்டு வரும் பிள்ளையிடம் வீட்டில் கேட்கும் முதல் கேள்வி, "ஜெயிச்சியா, தோத்தியா?" என்பதுதான். "டிரா" என்று சொன்னால் கேட்டவர் முகத்தில் ஒரு சலிப்பு வரும். மூன்று மணி நேரம் உட்கார்ந்தும் ஒன்றும் நடக்கவில்லையா என்பதுபோல ஒரு பார்வை. அந்தச் சலிப்பின்மேல் எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு. டிராவுக்குள் எவ்வளவு கணக்கு ஒளிந்திருக்கிறது என்று தெரிந்தால் அப்படிப் பார்க்க மாட்டார்கள். வீட்டில் பலகை இருந்தால் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், தம்பி தங்கைகளே. படித்துக்கொண்டே காய் நகர்த்தலாம்.

ஸ்ரீ கெம்பாங்கானில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை என்று கற்பனை செய்வோம். ஒரு கடைவீட்டின் மாடியில் சதுரங்கக் கழகம் கூடியிருக்கிறது. கீழே மாமாக் கடையில் தே தாரிக் ஆற்றும் சத்தம். மாடியில் பத்துப் பன்னிரண்டு மேசைகள். தாமான் ஈக்குவைன் எம்.ஆர்.டி. நிலையத்தில் இறங்கி வந்தவர்கள், யு.பி.எம். பல்கலைக்கழக மாணவர்கள், பேரப்பிள்ளையைக் கூட்டிவந்து தாமும் உட்கார்ந்துவிட்ட தாத்தாக்கள் என்று எல்லா வயதினரும் இருக்கிறார்கள். ஒரு மேசையில் வெள்ளைக் காய்களுடன் ஓய்வுபெற்ற ஓர் அங்கிள். எதிரே கறுப்புக் காய்களுடன் படிவம் இரண்டில் படிக்கும் ஒரு மாணவி. இரண்டு பேருமே சாதாரணக் கழக ஆட்டக்காரர்கள். பட்டம் எதுவும் இல்லாதவர்கள்.

ஐம்பது நகர்த்தல்களுக்குப் பிறகு பலகையில் மூன்றே காய்கள் மிஞ்சியிருக்கின்றன. அங்கிளிடம் ராஜாவும் ஒரு சிப்பாயும். மாணவியிடம் ராஜா மட்டும்.

கட்டங்களின் பெயரை ஒருமுறை நினைவுபடுத்திக்கொள்வோம். வெள்ளைக் காய்களின் பக்கமிருந்து பார்த்தால் இடமிருந்து வலமாக ஏ, பி, சி, டி, ஈ, எஃப், ஜி, எச் என எட்டு நெடுவரிசைகள். கீழிருந்து மேலாக 1 முதல் 8 வரை எட்டுப் படுக்கைவரிசைகள். அங்கிளின் ராஜா டி-6 கட்டத்தில், சிப்பாய் ஈ-6 கட்டத்தில். மாணவியின் ராஜா ஈ-8 கட்டத்தில். வைத்துவிட்டீர்களா? இப்போது நகர்த்த வேண்டியவர் மாணவி.

அங்கிளின் சிப்பாய் இன்னும் இரண்டே கட்டம் போனால் ராணியாகிவிடும். ராணி வந்தால் ஆட்டம் முடிந்தது. மாணவியின் ராஜா போகக்கூடிய கட்டங்களை எண்ணிப் பாருங்கள். டி-7க்கும் எஃப்-7க்கும் போக முடியாது. அவை சிப்பாயின் தாக்குதலில் இருக்கின்றன. ஈ-7க்கும் முடியாது, அங்கிளின் ராஜா பார்த்துக்கொண்டிருக்கிறது. மிச்சம் டி-8, எஃப்-8. இரண்டே வழிகள். ஒன்று தோல்வி, மற்றொன்று டிரா.

எஃப்-8க்குப் போனால் என்ன ஆகும்? வெள்ளை ராஜா டி-7க்கு ஏறும். அங்கிருந்து ஈ-7, ஈ-8 இரண்டையும் காவல் காக்கும். சிப்பாய் நிம்மதியாக நடந்து ராணியாகும். டிராவில் கிடைக்கும் அரைப்புள்ளியும் போயிற்று.

டி-8க்குப் போனால்? இரண்டு ராஜாக்களும் ஒரே நெடுவரிசையில், நடுவே ஒரே ஒரு கட்டம் விட்டு, நேருக்கு நேர் நிற்கின்றன. ஒரு ராஜாவின் பக்கத்துக் கட்டத்துக்கு இன்னொரு ராஜா போகக் கூடாது அல்லவா? ஆகவே சி-7, டி-7, ஈ-7 மூன்றும் இருவருக்குமே மூடிய கதவுகள். முன்னேற முடியாத இந்த நிலையில் யாருடைய முறை வருகிறதோ அவர்தான் வழிவிட வேண்டும். இதை ஆட்டக்காரர்கள் ஆப்போசிஷன் என்பார்கள். இப்போது முறை அங்கிளுடையது.

அங்கிள் விடவில்லை. சிப்பாயை ஈ-7க்குத் தள்ளி "செக்" என்கிறார். மாணவி ராஜாவை ஈ-8க்கு, சிப்பாயின் மூக்குக்கு முன்னால், நகர்த்துகிறாள். சிப்பாயைக் காப்பாற்ற வேண்டுமென்றால் அங்கிளுக்கு ஒரே கட்டம்தான் இருக்கிறது: ராஜா ஈ-6க்குப் போக வேண்டும். போகிறார். மாணவி பலகையைப் பார்க்கிறாள். அவளுடைய ராஜாவுக்கு இப்போது செக் இல்லை. ஆனால் போவதற்கும் இடமில்லை. டி-8, எஃப்-8 இரண்டையும் சிப்பாய் தாக்குகிறது. டி-7, எஃப்-7 இரண்டையும் வெள்ளை ராஜா பார்க்கிறது. ஈ-7 சிப்பாயை வெட்டலாமென்றால் அதற்கும் ராஜாவின் காவல்.

"ஸ்டேல்மேட், அங்கிள்."

"தெரியும்மா. நீ எஃப்-8க்குப் போவேன்னு ஆசைப்பட்டேன்."

கைகுலுக்கல். ஆளுக்கு அரைப்புள்ளி.

இப்போது நமக்கான சோதனை. அதே நிலையை மறுபடி வையுங்கள்: வெள்ளை ராஜா டி-6, சிப்பாய் ஈ-6, கறுப்பு ராஜா ஈ-8. காய்களில் ஒன்றையும் மாற்றாதீர்கள். முறையை மட்டும் மாற்றுங்கள், வெள்ளை நகர்த்தட்டும். சிப்பாய் ஈ-7க்குப் போகிறது. இந்தத் தடவை அது செக் இல்லை. கறுப்பு ராஜாவுக்கு இருக்கும் ஒரே கட்டம் எஃப்-7. வெள்ளை ராஜா டி-7க்கு வருகிறது. அடுத்து சிப்பாய் ராணி. அதே காய்கள், அதே கட்டங்கள். யாருடைய முறை என்பது ஒன்றே வெற்றியையும் டிராவையும் பிரித்துவிட்டது. பழைய ஆட்டக்காரர்களிடம் இதற்கு ஒரு குறுக்குவழி இருக்கிறது: ராஜா இப்படிப் பக்கத்தில் நிற்கும்போது சிப்பாய் ஏழாம் வரிசைக்குச் செக் கொடுக்காமல் போனால் வெற்றி, செக் கொடுத்துக்கொண்டே போனால் டிரா. கேட்பதற்கு மந்திரம் மாதிரி இருக்கும். மேலே பார்த்த இரண்டு ஆட்டங்களையும் ஒப்பிட்டால் காரணம் புரிந்துவிடும்.

இத்தனைக்கும் அடியில் இருப்பது ஒரு சின்ன விதிதான். சதுரங்கத்தில் "இந்த முறை நான் சும்மா இருக்கிறேன்" என்று சொல்ல முடியாது. முறை வந்தால் நகர்த்தியே தீர வேண்டும். சும்மா இருக்க அனுமதி இருந்தால் ஆட்டமே வேறு மாதிரி ஆகியிருக்கும். ராஜாக்கள் நேருக்கு நேர் நிற்கும்போது யாரும் வழிவிட வேண்டியதில்லை.

ஸ்டேல்மேட் தவிர வேறு வழிகளிலும் டிரா வரும். இரண்டு பேரும் பேசி ஒப்புக்கொள்ளலாம். இதற்கு ஒரு முறை உண்டு: முதலில் காயை நகர்த்து, பிறகு "டிரா?" என்று கேள், பிறகு கடிகாரத்தை அழுத்து. எதிராளி யோசித்துக்கொண்டிருக்கும்போது நடுவில் கேட்பது நாகரிகமில்லை. ஒரே நிலை, ஒரே ஆளின் முறையில், மூன்று தடவை வந்தால் டிரா கேட்கலாம். செக்மேட் செய்யவே காய் போதாது என்றாலும் டிரா; வெறும் இரண்டு ராஜாக்கள் எத்தனை நாள் சுற்றினாலும் ஒன்றை ஒன்று பிடிக்க முடியாது.

ஐம்பது நகர்த்தல் விதியைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். இரண்டு தரப்பும் ஆளுக்கு ஐம்பது தடவை நகர்த்தியும் ஒரு சிப்பாய்கூட அசையவில்லை, ஒரு காய்கூட வெட்டப்படவில்லை என்றால் டிரா கேட்கலாம். ஆட்டம் முடிவில்லாமல் இழுக்காமல் இருக்க மனிதர்கள் போட்ட வேலி இது. ஐம்பது போதுமா என்று கேட்டால், பெரும்பாலும் போதும். எப்போதும் போதாது. 1991இல் லூயிஸ் ஸ்டில்லர் என்ற அமெரிக்க ஆய்வாளர் கணினியைக் கொண்டு ஒரு நிலையைக் கண்டுபிடித்தார். ஒருபுறம் ராஜா, யானை, குதிரை. மறுபுறம் ராஜாவும் இரண்டு குதிரைகளும். முதல் தரப்பு நிச்சயம் ஜெயிக்கும். ஆனால் இரு தரப்பும் மிகச் சரியாக ஆடினால் முதல் வெட்டு விழவே 243 நகர்த்தல்கள் ஆகும்! கணக்கு "வெற்றி" என்கிறது, விதிப்புத்தகம் "டிரா" என்கிறது. போட்டியில் செல்லுபடியாவது விதிப்புத்தகம்தான்.

கணினி இதை எப்படிக் கண்டுபிடிக்கிறது? முன்னோக்கி யோசித்து அல்ல. கதைப் புத்தகத்தைக் கடைசிப் பக்கத்திலிருந்து பின்னோக்கிப் படிப்பதுபோல அது வேலை செய்கிறது.

முதலில் பலகையில் வரக்கூடிய எல்லா நிலைகளையும் பட்டியல் போட வேண்டும். இரண்டு ராஜாக்கள் மட்டும் இருந்தால் எத்தனை நிலைகள் என்று நாமே எண்ணலாம். வெள்ளை ராஜா ஒரு மூலையில் இருந்தால் அது நிற்கும் கட்டமும் அதை ஒட்டிய மூன்றும் போக 60 கட்டங்களில் கறுப்பு ராஜா நிற்கலாம். மூலைகள் நான்கு, ஆக 240. ஓரத்தில் இருந்தால் 58 கட்டங்கள், மூலை அல்லாத ஓரக் கட்டங்கள் 24, ஆக 1,392. உள்ளே இருந்தால் 55 கட்டங்கள், உள் கட்டங்கள் 36, ஆக 1,980. மொத்தம் 3,612. யாருடைய முறை என்பதையும் சேர்த்தால் இதன் இரு மடங்கு. இரண்டே காய்களுக்கு இவ்வளவு. ஒவ்வொரு காய் சேரும்போதும் எண்ணிக்கை பல மடங்காகும்.

பட்டியல் தயாரானதும் அதில் செக்மேட் ஆகிவிட்ட நிலைகளைக் கணினி குறித்துக்கொள்ளும். பிறகு, எந்த நிலையிலிருந்து ஒரே நகர்த்தலில் அந்தச் செக்மேட்டுக்குப் போகலாம் என்று தேடி, அவற்றையும் "வெற்றி" என்று குறிக்கும். எந்தப் பக்கம் நகர்த்தினாலும் எதிராளியின் வெற்றியில்தான் போய் முடியும் என்கிற நிலைகளைத் "தோல்வி" என்று குறிக்கும். இப்படியே ஒரு படி, இன்னொரு படி என்று பின்னால் போய்க்கொண்டே இருக்கும். ஒரு கட்டத்தில் புதிதாகக் குறிக்க எதுவும் கிடைக்காது. அப்போதும் குறி விழாமல் பட்டியலில் மிஞ்சி நிற்கின்றனவே, அவைதாம் டிரா. டிராவை யாரும் தேடிப் பிடிக்கவில்லை பாருங்கள். வெற்றியும் தோல்வியும் தொட முடியாமல் போன இடம் அது. நம் மாணவி ராஜாவை வைத்த டி-8 நிலை அந்த மிச்சத்தில் ஒன்று.

இந்தப் பட்டியல்களை டேபிள்பேஸ் என்பார்கள். இந்த வேலையின் முன்னோடிகளில் ஒருவர் கென் தாம்ப்சன். யூனிக்ஸ் என்ற புகழ்பெற்ற கணினி இயங்குதளத்தை உருவாக்கியவர்களில் அவரும் ஒருவர். 1970களின் இறுதியில் ராணிக்கும் யானைக்கும் இடையிலான ஆட்டத்தை அவருடைய கணினி முழுக்க அலசி முடித்திருந்தது. ராணி வைத்திருப்பவர் அதிகபட்சம் 31 நகர்த்தல்களில் காரியத்தை முடித்துவிடலாம் என்பது விடை. வால்ட்டர் பிரவுன் என்ற அமெரிக்க கிராண்ட்மாஸ்டர் "இதென்ன பெரிய விஷயம்" என்று ராணியோடு உட்கார்ந்தார். எதிரே யானையோடு கணினி. ஐம்பது நகர்த்தல்கள் முடிந்தும் அவரால் ஜெயிக்க முடியவில்லை! மனிதர் நினைத்தே பார்க்காத விசித்திரமான கட்டங்களில் யானையை வைத்துக் கணினி தப்பித்துக்கொண்டே இருந்தது. பிரவுன் வீட்டுக்குப் போய்ப் படித்தார். திரும்பி வந்து மறுபடி ஆடினார். சரியாக ஐம்பதாவது நகர்த்தலில் யானையை வெட்டினார். ஜெயிக்க முடியாமல் போனதும் கணினியைத் திட்டாமல் படிக்கப் போனாரே, அதனால்தான் அவரை எனக்குப் பிடிக்கும்.

2012இல் மாஸ்கோ பல்கலைக்கழகத்தின் மீக்கணினி, ராஜாக்களையும் சேர்த்து ஏழு காய்கள் வரையிலான நிலைகளை முடித்தது. ஏழு காய் நிலைகள் மட்டும் நான்கு கோடி கோடிக்கு மேல். கோடியைக் கோடியால் பெருக்கி, அதை மறுபடி நான்கால் பெருக்கிப் பாருங்கள். உங்கள் கால்குலேட்டரில் இடம் போதுமா என்பது சந்தேகம். ஆனால் ஆட்டம் தொடங்கும்போது பலகையில் இருப்பவை 32 காய்கள். ஏழுக்கும் முப்பத்திரண்டுக்கும் நடுவே இருக்கும் தூரத்தை எந்தக் கணினியும் இன்னும் கடக்கவில்லை.

ஆகவே, இரண்டு பேரும் ஒரு பிழையும் செய்யாமல் முதல் நகர்த்தலிலிருந்து ஆடினால் முடிவு என்ன என்று யாருக்கும் இன்னும் நிரூபணமாகத் தெரியாது. 1913இல் எர்ன்ஸ்ட் செர்மெலோ என்ற ஜெர்மன் கணிதவியலாளர் மூன்றில் ஒன்றுதான் உண்மையாக இருக்க முடியும் என்று காட்டினார்: வெள்ளை கட்டாயம் ஜெயிக்க வழியுண்டு, அல்லது கறுப்பு கட்டாயம் ஜெயிக்க வழியுண்டு, அல்லது இருவருமே கட்டாயம் டிரா செய்ய வழியுண்டு. எது என்று அவர் சொல்லவில்லை. பெரிய ஆட்டக்காரர்கள் பெரும்பாலோர் டிரா என்றே நம்புகிறார்கள். செக்கர்ஸ் ஆட்டத்துக்கு விடை கிடைத்துவிட்டது. கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் ஜோனதன் ஷேஃபர் குழுவினர் 1989இல் தொடங்கிய கணக்கை 2007இல் முடித்தார்கள். பிழையில்லாமல் ஆடினால் செக்கர்ஸ் டிராதான்.

சதுரங்க உச்சியிலும் டிராவின் வாடை அடிக்கிறது. 1984இல் கார்ப்போவும் காஸ்பரோவும் மோதிய உலகப் பட்டப் போட்டியில் 48 ஆட்டங்கள் நடந்தன; அவற்றில் 40 டிரா. கடைசியில் போட்டியையே பாதியில் நிறுத்திவிட்டார்கள். 2018இல் கார்ல்சனும் கருவானாவும் ஆடிய 12 நீண்ட ஆட்டங்களும் டிரா. கழக மேசைகளில் இவ்வளவு டிரா வராது. நாம் பிழை செய்கிறோம், எதிராளியும் பிழை செய்கிறார், யாருடைய பிழை கடைசியாக வருகிறதோ அவர் தோற்கிறார்.

உச்சியில் இருப்பவர்களும் பிழை செய்வார்கள் என்பதற்கு நம் பக்கத்து வீட்டிலேயே ஒரு சாட்சி இருக்கிறது. 2024 டிசம்பர் 12. சிங்கப்பூரின் செந்தோசா தீவு. சென்னைப் பையன் குகேஷும் சீனாவின் டிங் லிரெனும் ஆளுக்கு ஆறரைப் புள்ளியுடன் பதினான்காவது ஆட்டத்தில் உட்கார்ந்திருந்தார்கள். நம் மாணவியின் ஆட்டத்தைப் போலவே இங்கும் ஒருவருக்கு ஒரு சிப்பாய் கூடுதல். இருவருக்கும் ராஜா, யானை, பிஷப். குகேஷிடம் இரண்டு சிப்பாய்கள், டிங்கிடம் ஒன்று. ஒழுங்காகக் காத்தால் டிரா. பார்த்துக்கொண்டிருந்த பலரும் டிரா என்றே எழுதிவைத்துவிட்டார்கள்.

55ஆவது நகர்த்தலில் டிங் யானையை எஃப்-2க்கு நகர்த்தி யானைப் பரிமாற்றத்துக்கு வந்தார். அவருடைய பிஷப் ஏ-8 மூலையில் ஒதுங்கி நின்றது. யானைகள் வெட்டிக்கொண்டதும் குகேஷ் தன் பிஷப்பை டி-5இல் வைத்தார். மூலையில் நின்ற பிஷப்பால் தப்ப முடியவில்லை. அதுவும் வெட்டிக்கொள்ள வேண்டியதாயிற்று. மிஞ்சியவை ராஜாக்களும் சிப்பாய்களும் மட்டும். ஒன்பது காய்களாக இருந்தது ஐந்தாகிவிட்டது. டேபிள்பேஸுக்கு விடை தெரிந்த உலகம். குகேஷுக்கும் தெரிந்தது. இன்னும் இரண்டு நகர்த்தல்களில் டிங் ஆட்டத்தை விட்டுக்கொடுத்தார். 18 வயதில் குகேஷ் உலக சாம்பியன். அந்தப் போட்டியின் 14 ஆட்டங்களில் ஒன்பது டிரா. வெற்றிகளோடு அந்த ஒன்பது அரைப்புள்ளிகளும் சேர்ந்துதான் அவருடைய ஏழரை.

அரைப்புள்ளி வீட்டுக் கணக்கிலும் வேலை செய்யும். ரேட்டிங் என்ற தரப்புள்ளி முறையை வகுத்தவர் ஆர்ப்பாட் ஈலோ, அமெரிக்காவில் பௌதிகம் கற்பித்த பேராசிரியர். உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு 1970இல் அதை ஏற்றது. நம் மாணவியின் ரேட்டிங் 1500, அங்கிளுடையது 1700 என்று வைத்துக்கொள்வோம். 200 புள்ளி வித்தியாசம் இருந்தால் குறைந்தவர் ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக 0.24 புள்ளி எடுப்பார் என்பது ஈலோவின் கணக்கு. இவள் எடுத்தது 0.5. எதிர்பார்த்ததைவிட 0.26 கூடுதல். 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இதை 40ஆல் பெருக்குவார்கள், 10.4 புள்ளி ஏறும். அங்கிளுக்குப் பெருக்குத்தொகை 20 என்றால் 5.2 இறங்கும். "ஒன்றும் நடக்கவில்லை" என்று சொன்னவர்களிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

போகுமுன் உங்களுக்கு ஒரு வேலை. வெள்ளை ராஜாவை ஜி-6இலும், சிப்பாயை எச்-6இலும், பிஷப்பை டி-3இலும் வையுங்கள். கறுப்பு ராஜா எச்-8 மூலையில் தனியாக நிற்கட்டும். வெள்ளை முதலில் நகர்த்தலாம். ஒரு பிஷப்பும் ஒரு சிப்பாயும் கூடுதலாக இருந்தும் வெள்ளையால் ஜெயிக்க முடியாது. ஆடிப் பார்த்து ஏன் என்று கண்டுபிடியுங்கள். அடுத்து பிஷப்பை ஒரே ஒரு கட்டம் தள்ளி ஈ-3இல் வைத்து மறுபடி ஆடுங்கள். இப்போது வெள்ளை சுலபமாக ஜெயிக்கும். எச்-8 கட்டம் கறுப்பா வெள்ளையா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்; விடை அங்கேதான் இருக்கிறது.